ரயில்வே கேட் சந்தைக்காக நான் போட்ட சண்டைகள்

எங்கள் ரயில்வே கேட் சந்தையை யாரும் இடிக்கவில்லை. போலீஸ் வந்து விரட்டவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் ஒரு ஆளைப் பார்த்துக் கத்தித் தீர்த்திருப்பேன். நடந்தது வேறு. எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள், சந்தை இருக்க வேண்டும் என்றார்கள், நானும் தொண்டை வறள வறளப் பேசினேன், சந்தை என் கண் முன்னாலேயே கரைந்துபோனது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நான் பிறந்தது வாலாஜாபேட்டையில். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்து, ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். கணவர் பள்ளி ஆசிரியர். தொண்ணூறுகள் முழுக்கவும் சாயங்காலமானால் கம்பெனி வேன் என்னை ரயில்வே கேட்டில் இறக்கிவிடும். வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் திறந்திருந்து நான் பார்த்த நாட்கள் குறைவு. பெங்களூர் ரயில் போகும், பிறகு சென்னை ரயில் வரும், இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாக ஊர்ந்து போகும். சைக்கிள், மொபெட், நடந்து போகிறவர்கள் என்று ஜனம் அங்கே சேர்ந்துவிடும். நிற்கிற ஜனத்தைப் பார்த்து விற்கிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். சாக்கை விரித்துக் கத்தரிக்காய், வெண்டைக்காய், பூசணிப் பத்தை என்று கூறு கட்டி வைப்பார்கள். அவ்வளவுதான் எங்கள் சந்தை. கூரை கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது.

அதில் இரண்டு பேர் எனக்கு நெருக்கம். ஒருவர் தள்ளுவண்டியில் எலுமிச்சம்பழமும் இஞ்சியும் கொத்தமல்லியும் விற்ற வயதான பாய். இன்னொருத்தி கீரைக்காரம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் கூடையோடு காலையிலேயே வந்து, பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். இனிக்க இனிக்கப் பேசுகிறவள் இல்லை. கட்டைப் பிரித்துப் பார்த்தால், "வாங்கறதுன்னா வாங்குக்கா, ஜோசியமா பாக்குற?" என்பாள். ஆனால் என் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோது, நான் வாயைத் திறந்து கேட்காமலே கீரைக் கட்டின் மேல் ஒரு கொத்து வேப்பிலையை வைத்துக் கொடுத்தாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று அவளுக்குத் தெரியும். "உங்க வூட்ல வெப்பீங்களோ மாட்டீங்களோ, எடுத்துக்கினு போ" என்றாள். வைத்தேன்.

கம்பெனியில் நான் ஒருத்தி, வீட்டு அடுப்படியில் நான் இன்னொருத்தி. இரண்டுக்கும் நடுவில் கேட் மூடியிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் நானாக இருந்த நேரம். பாயோடு வெயிலைத் திட்டுவேன். கீரைக்காரம்மாவோடு பஸ்காரனைத் திட்டுவேன். ரயில் சீக்கிரம் போய்விட்டால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இதற்கு வினை வந்தது எங்கள் தெருவிலிருந்தே. எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். வேலூரில் காலமெல்லாம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். தெருவே அவரைச் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். காய்ச்சலா, கட்டியா, முதலில் அவரிடம்தான் காட்டுவோம். சர்ச்சில் பெண்கள் ஐக்கியத்துக்கும் அவர்தான் தலைவி. ஒருநாள் தெருக்கோடி வீட்டுப் பிள்ளைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. முந்தின ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று சிஸ்டரம்மா கேட்டார். கீரை என்றார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மரத்தடியில் நின்ற பெண்கள் எல்லோரிடமும் சொன்னார்.

"அந்த கேட்டு கீரைய இனிமே யாரும் வாங்காதீங்கம்மா. பாலாத்து ஓரமா தோல் ஷாப்பு தண்ணி ஓடுது இல்ல, அதுல வளர்க்கறது. எத்தன தரம் கழுவினாலும் போகாது."

"நீங்க பாத்தீங்களா சிஸ்டரம்மா?" என்று கேட்டேன்.

"இத பாக்க வேற பாக்கணுமா? இந்த ஊர்ல வேற எங்கம்மா நல்ல தண்ணி இருக்கு?"

அவர் சொன்னதில் பாதி உண்மை. தோல் பதனிடும் இடங்களின் கழிவு இறங்கி எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிப் பல வருடம் ஆகியிருந்தது. அதில் துவைத்த வெள்ளைத் துணி மறுபடி வெள்ளையாகாது. குடிக்கக் குடம் குடமாக விலைக்கு வாங்கினோம். தண்ணீரைப் பற்றி என்ன கெட்டது சொன்னாலும் எங்கள் ஊரில் உடனே நம்புவார்கள். நம்புகிற மாதிரிதான் இருந்தது ஊர்.

ஒரே வாரத்தில் கேட்டில் ஜனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க ஆரம்பித்தது. ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூடைப் பக்கம் குனிய மாட்டார்கள். நான் வேனை விட்டு இறங்கும்போது கீரை வாடித் தலை தொங்கிக் கிடக்கும்.

"இன்னாக்கா, உங்க ஜனத்துக்கு எல்லாம் இன்னா வந்துச்சி? ஒருத்தரும் கிட்ட வர்ல?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"தோல் ஷாப்பு தண்ணியா? எங்க ஊர் எங்க கீது, தோல் ஷாப்பு எங்க கீது? மலைக்கு அடியில கீறோம்க்கா நாங்க. எங்க கெணத்து தண்ணிய குடிச்சிட்டு அப்புறம் பேச சொல்லு."

அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். சிஸ்டரம்மாவை நேராகவே கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டால்? கீரைக்காரம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

"எதுக்கு? நான் இன்னா திருட்டு சாமானா விக்கிறேன், போலீஸ் மாதிரி வந்து பாக்க?"

"பாத்துட்டா வாய மூடிக்குவாங்க இல்ல?"

"அது மூடற வாயா?"

ஆனாலும் ஒப்புக்கொண்டாள். சிஸ்டரம்மாவிடம் போய், "கண்ணால பாத்துட்டு சொல்லுங்க, நீங்க சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றேன். அவருக்கு அது கௌரவமாகப் பட்டிருக்க வேண்டும், உடனே சரி என்றார். ஒரு லீவு நாளில் நானும் அவரும் ஐக்கியத்துப் பெண்கள் இரண்டு பேரும் டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். சிஸ்டரம்மா வெள்ளைப் புடவை, குடை, கையில் ஒரு காலி பாட்டில். சோதனைக்குக் கொண்டுபோகிற மாதிரியே பாட்டிலைப் பிடித்திருந்தார்.

ஊர் மலையை ஒட்டியே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் தோல் நாற்றம் இல்லை. இத்தனை வருடத்தில் என் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. சின்னத் தோட்டம். சிறுகீரை, முளைக்கீரை, ஓரத்தில் மணத்தக்காளி. கீரைக்காரம்மாவின் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததும் தலைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார். கிணறு கல் கட்டிய பெரிய கிணறு. அடியில் வானம் தெரிந்தது.

"ஒரு சொம்பு மொண்டு குடுங்க" என்றார் சிஸ்டரம்மா. வாங்கி முகர்ந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு சொம்பு முழுவதையும் குடித்தார்.

"இனிக்குது" என்றார்.

எனக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. கீரைக்காரம்மா இன்னொரு சொம்பை நீட்டினாள். மத்தியானம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போட்டாள். சிஸ்டரம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது எங்கள் நாலு பேர் பையிலும் கீரை. பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, சந்தையை நானே மீட்டுவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அதே மரத்தடியில் சிஸ்டரம்மா பேசினார். தான் சொன்னது தப்பு என்பதைச் சுற்றி வளைக்காமல் ஒத்துக்கொண்டார். அதற்காக இன்றும் அவரை மதிக்கிறேன். ஆனால் அதோடு நிறுத்தவில்லை.

"நானே போய் கண்ணால பாத்தேன். அந்தக் கீரைக்காரம்மா கீரை சுத்தமான தண்ணியில வளருது. தைரியமா வாங்குங்க. மத்தவங்க எங்கேர்ந்து கொண்டு வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பில்ல."

நான் குறுக்கே பேசினேன். "மத்தவங்களும் அப்படித்தான் சிஸ்டரம்மா" என்றேன். "நீ பாத்தியா?" என்றார். நான் பார்க்கவில்லை. முதலில் அவரை நான் கேட்ட கேள்வியை அவர் என்னிடமே திருப்பிவிட்டார். கூட்டம் தலையை ஆட்டிக்கொண்டு கலைந்தது.

அதுவரை கீரைக்குத்தான் கெட்ட பேர். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு கத்தரிக்காய்க்கும் புடலங்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் வந்துவிட்டது. வருகிறவர்கள் நேராகக் கீரைக்காரம்மாவிடம் போவார்கள், வாங்குவார்கள், பக்கத்துச் சாக்கை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாய் என்னைப் பார்த்ததும் கைகூப்பினார். மரியாதைக்கு இல்லை.

"ஒருத்தர ஏத்தி வெச்சி மத்த எல்லாரையும் எறக்கி வுட்டீங்களேம்மா. இப்ப என் கொத்தமல்லிக்கு யார் வந்து தண்ணி குடிச்சி பாப்பாங்க?"

"நான் கூட்டிட்டு வர்றேன் பாய். உங்க கொத்தமல்லி எங்கேர்ந்து வருது, சொல்லுங்க."

"லாரில வருது. லாரிக்கு முன்னாடி எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? ஒரே பேஜாரா பூட்ச்சி."

கத்தரிக்காய் விற்கும் பெண் ஒரு நாள் கீரைக்கூடையைக் காலால் தள்ளிவிட்டாள். "சர்ட்டிபிகேட் வாங்கனவ சர்ச்சு வாசல்ல போய் உக்காரு. இங்க எங்களோட எதுக்கு?" என்றாள். கீரைக்காரம்மா விடுவாளா? இரண்டு பேரும் தலைமுடியைப் பிடிக்காத குறை. கேட் மூடியிருந்ததால் ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நான் நடுவில் புகுந்து விலக்கப் போனேன். "உன்னாலதான்க்கா இவ்ளோவும்" என்றாள் கீரைக்காரம்மா. கத்தரிக்காய்க்காரியும் அதையேதான் சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

அதற்கடுத்த வாரம் கீரைக்காரம்மா வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். பிறகும் வரவில்லை. அவள் உட்காரும் இடத்தை யாரோ சைக்கிள் நிறுத்தப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குள் இரண்டாயிரம் பிறந்து, எங்கள் ஊர் மெயின் ரோட்டில் ஏசி போட்ட டிபார்ட்மென்டல் ஸ்டோர் ஒன்று திறந்திருந்தார்கள். நான் அங்கே போவதில்லை என்று ஒரு வீம்பு வைத்திருந்தேன். என் கணவருக்கு அந்த வீம்பு கிடையாது. "ஸ்கூட்டர் நிறுத்த எடம் இருக்கு, எல்லாம் ஒரே எடத்துல கெடைக்குது, உனக்கு இன்னா கஷ்டம்?" என்பார். ஒரு சனிக்கிழமை எண்ணெய் வாங்க அவரோடு போக வேண்டியதாயிற்று. காய்கறிப் பக்கம் ஒரு அட்டை தொங்கியது. மலையடிவாரக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்த கீரை என்று எழுதியிருந்தது. கீழே பிளாஸ்டிக் பையில் சிறுகீரை, முளைக்கீரை.

அங்கே நின்ற பெண்ணிடம் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"சுத்தமான தோட்டம் மேடம். சர்ச்சுல இருந்து லேடீஸ்லாம் நேர்ல போய் தண்ணி குடிச்சி பாத்துட்டு வந்தாங்களாம் மேடம்."

என்னிடமே சொன்னாள். நான் அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்து சிஸ்டரம்மா கூடையோடு வந்தார். சந்தோஷமாக என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா, நம்ம கீரை இங்கயே கெடைக்குது. இனிமே கேட்டுல வெயில்ல நிக்க வேணாம்."

"எனக்கு அங்க நிக்கணும் சிஸ்டரம்மா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் கணவருக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "கீரைதான கேட்ட? கீரைதான கெடைக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

கீரைக்காரம்மாவைக் கொஞ்ச நாள் கழித்து பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன். புதுப் புடவை, கையில் கூடை இல்லை. நான் விசாரிக்கவில்லை, சண்டைதான் பிடித்தேன்.

"உனக்காகத்தான தெருவோட மல்லுக்கட்டினேன்? நீ பாட்டுக்கு கடைக்கு போட்டுட்டு போய்ட்ட. கேட்டுல இருக்கறவங்க கதி?"

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. என்னை ஒரு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, நீ வேன்ல வந்து எறங்குவ. ரயில் போற வரிக்கும் நின்னு பேசுவ. போய்டுவ. நான் காத்தால வந்து உக்காந்தா பொழுது போறவரிக்கும் அங்கதான். ஒண்ணுக்கு போக எடம் கெடையாது. தண்ணியே குடிக்க மாட்டேன், தெரியுமா? என் கெணத்து தண்ணிய ஊரே இனிக்குது இனிக்குதுன்னுச்சி. நான் ஒரு மொடக்கு குடிக்காம உக்காந்துனு இருப்பேன். தூரமான நாள்ல நான் பட்டது உனக்கு தெரியாது. இப்ப வூட்டாண்டயே வண்டி வந்து ஏத்திக்கினு போவுது. காசு கம்மிதான். பரவால்ல."

இத்தனை வருடம் அவள் எதிரில் நின்று பேசியிருக்கிறேன். அவள் ஒரு நாளும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம் என்று அவள் மேலும் ஒரு கோபம் வந்தது. அதை யாரிடம் சொல்வது?

"நல்லா இரு" என்றேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அப்போதும் நான் விடவில்லை. கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். கேட் பக்கம் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டித் தாருங்கள், மற்ற பெண்களாவது உட்காருவார்கள் என்று கேட்டேன். மனிதர் மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"கட்டலாம்மா. ஆனா அங்க இப்போ எத்தினி பேர் உக்கார்றாங்க? ரெண்டு பேரா, மூணு பேரா? அவ்ளோ கொஞ்சம் பேருக்கு எப்படிம்மா கட்டறது? சந்தை பெருசா இருந்தா கேக்கலாம்."

"பெருசா இருந்தப்ப ஏன் கட்டல?"

"அப்போ யாரும் வந்து கேக்கலியேம்மா."

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். கம்பெனியில் ஆயிரம் ஜோடி ஷூ கணக்கில் ஒரு ஜோடி குறைந்தால் யார் பொறுப்பு என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவோம். இதற்கு யார் பொறுப்பு? ஒருத்தர் பேரைக்கூட என்னால் எழுத முடியாது.

கத்தரிக்காய்க்காரி ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்குப் போய்விட்டாள். அங்கே கழிப்பறை இருக்கிறது. ஒன்றிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தார்கள். பாய் மட்டும் வண்டியோடு நின்றார். நான் தினமும் அவரிடம் ஏதாவது வாங்குவேன். வேண்டுமென்றே வாங்குவேன். வாடிய கொத்தமல்லியை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இத ஆடு கூட திங்காதும்மா" என்பார். "இதத்தான் திங்கணும்" என்பேன்.

பிறகு ஒருநாள் பாயும் கேட்டில் இல்லை. விசாரித்தால், மெயின் ரோட்டில் அந்த ஸ்டோர் வாசலிலேயே வண்டியைப் போட்டிருக்கிறார். வேகமாகப் போனேன். யூனிபார்ம் போட்ட வாட்ச்மேன் அவர் வண்டியைத் தள்ளச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். நான் வாட்ச்மேனிடம் சண்டைக்குப் போனேன். "ரோடு உங்க மொதலாளிதா? அவர் உள்ளயா வந்து விக்கிறாரு?" என்று சத்தம் போட்டேன். கூட்டம் கூடியது. வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க உள்ள போங்க, ஏசி இருக்கு" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வாட்ச்மேன் உள்ளே போன பிறகு பாயைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களுமா பாய்? கேட்டுல நான் தெனம் வாங்கல?"

"நீங்க ஒருத்தர் வாங்கி நான் பொழைக்க முடியுமாம்மா? ஜனம் எங்க நிக்குதோ அங்கதான் வண்டி நிக்கும். முன்னாடி கேட்டுல நின்னுச்சி. இப்ப இங்க நிக்குது. உள்ள எலுமிச்சம்பழம் வெல ஜாஸ்தி. வாங்கிட்டு வெளிய வந்து என்னுத பாத்துட்டு அவங்களே தலையில அடிச்சிக்கிறாங்க." சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியில் இருந்த எலுமிச்சம்பழத்தில் பாதியை அள்ளிப் பையில் போடச் சொன்னேன்.

"இவ்ளோ எதுக்கும்மா?"

"போடுங்க பாய்."

வீட்டில் கணவர் பையைத் திறந்து பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார், பையை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அத்தனையையும் நறுக்கி ஊறுகாய் போட்டேன். விரல் நகக்கண்ணெல்லாம் எரிந்தது. கோபத்தில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது. அந்த வருடம் முழுக்க வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. நான் மட்டும் தினமும் மோர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டேன்.